ஆகாய நீல ஜீப்பும் வாடகை நாற்காலிகளும்

மழையில் ஊறிய கித்தான் வெயிலில் காயும்போது ஒரு வாடை எழும்; பெட்ரோல் குடித்துவிட்டு வந்த கிடா ஆடு ஒன்று பக்கத்திலேயே படுத்து அசைபோடுகிற மாதிரி இருக்கும். நான் ஆறாம் வகுப்பு முடித்து ஏழுக்குப் போகவிருந்த கோடை விடுமுறை முழுக்க, வித்துராவில் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த வாடைதான் குடியிருந்தது. சோற்றில் ஏறியது, தலையணையில் ஏறியது, பெரியம்மாவின் பூஜை அறைக்குள்ளும் நுழைந்து ஊதுபத்தியோடு சண்டை போட்டு ஜெயித்தது. அந்த வாடையைக் கொண்டுவந்து நிறுத்தியவர் என் சித்தப்பா. ராணுவம் இனி வேண்டாம் என்று ஏலத்தில் தள்ளிவிட்ட, கித்தான் கூரை போட்ட பழைய ஜீப் ஒன்றை, பட்டாளத்திலிருந்து தனக்கு வந்த காசையெல்லாம் போட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஜீப் வந்து நின்ற அன்று பெரியப்பா வாசலுக்கு வந்து, வண்டியை ஒரு முறையும் தம்பியை ஒரு முறையும் பார்த்துவிட்டு, "பட்டாளம் கழிச்சுப் போட்டது ரெண்டும் ஒரே வீட்டுக்கு வந்து சேந்துட்டு" என்றார். வீடு சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார்.

எங்கள் குடும்பத் தொழில் வாடகைச் சாமான். நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம், சண்டை என்றால் இரண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வேண்டிய மடக்கு நாற்காலி, பந்தல் துணி, அண்டா, பாயசம் வைக்கிற பெரிய "வார்ப்பு", கரண்டி எல்லாம் எங்களிடம் இருந்தன. மாப்பிள்ளை உட்கார்ந்த நாற்காலியில் அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் யாரோ உட்கார்ந்து மூக்கைச் சிந்துவார்கள். நாற்காலிக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. மனிதர்களுக்குத்தான் உண்டு என்பதால் கடையில் ஒரு கண்டிப்பான வழக்கம்: சாவு வீட்டுக்குப் போன சாமான் முன்வாசல் வழியாகத் திரும்பி வரக்கூடாது. பின்பக்கச் சந்து வழியாக வந்து, மஞ்சள் தண்ணீரில் குளித்து, ஒரு பகல் வெயிலில் காய்ந்து, அதற்குப் பிறகுதான் கொட்டகைக்குள் போகும். எங்களை விட நாற்காலிகள்தாம் ஒழுங்காகக் குளித்தன.

கடையில் ஒரே ஒரு மேசை. அதற்குப் பின்னால் ஒரு நாற்காலி, அதில் பெரியப்பா. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் என் அப்பா. பெரியப்பா சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவது அவருடைய உத்தியோகம். சித்தப்பாவுக்கு இடம் கிடையாது. வண்டி ஓட்டுகிறவராகப் பட்டாளத்தில் இருந்தவர், பீரங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்குள் தூங்கியதில் இடது காது போய், சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கல்யாணம் ஆகவில்லை. நாற்காலி சுமப்பார், பந்தல் கட்டுவார், யாராவது "மொதலாளி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வந்தால் உள்ளே கையைக் காட்டுவார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: அந்த மேசைக்குப் பின்னால் தனக்கும் ஒரு நாற்காலி. இதை அவர் ஒளித்து வைக்கவுமில்லை. கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததால், அது கடைத்தெரு முழுவதற்கும் வேடிக்கையாகிவிட்டது.

அவருடைய கேளாக் காது பெரியப்பாவுக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. சாப்பாட்டு நேரத்தில் வலது பக்கம் நின்று, "சாப்பிட்டியா தம்பி?" என்பார். இடது பக்கம் சுற்றி வந்து, அதே புன்னகையோடு அடங்கிய குரலில், "தண்டச்சோறு எறங்குதா?" என்பார். நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்வோம். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், சிரிக்கிற இடத்தில் சிரிக்காமல் இருப்பது மரியாதையில்லை என்று சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். என்னை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் அப்போது ஒரு சின்ன வெண்கல உருளிப் பாத்திரம் மாதிரி இருப்பேன். தூக்குவதற்கு விளிம்பு மட்டும் இல்லை. "ஏட்டி, உன்னையும் வாடகைக்கு விட்டா அவியல் வைக்கலாம்" என்று பெரியப்பா சொல்லுவார். எனக்கும் அந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

ஜீப் வந்ததன் நோக்கம் எங்கள் டிரெய்லர். நாற்காலி ஏற்றுகிற அந்த இரும்புப் பெட்டியை அதுவரை இழுத்துக்கொண்டிருந்தது ஒரு "டில்லர்". உழுகிற சின்ன இயந்திரம். முந்தின மழைக்காலத்தோடு அது இருமி இருமி ஒருவழியாக உயிரை விட்டது. அதனால் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கல்யாணங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. அங்கே போகிற ரோட்டைப் பற்றி லாரிக்காரர்கள், "மேல்பாகம் திரும்பி வரும், அடிப்பாகம் வராது" என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். சித்தப்பா கடை மேசைக்கு முன்னால் போய் அட்டென்ஷனில் நின்றுகொண்டு, அந்த ரோட்டில் தன் ஜீப் டிரெய்லரை இழுக்கும் என்றார்.

பெரியப்பா வெற்றிலையை மெதுவாக மடித்தார். "இழுக்கட்டும். போனக்காட்டுல அடுத்த வாரம் ஒரு கல்யாணம் கேக்கான். சாமானைக் கொண்டு போய், ஒரு நாற்காலி, ஒரு கரண்டி குறையாம திருப்பிக் கொண்டுவந்து இந்த முற்றத்துல எறக்கு. எறக்கிட்டா, இந்த மேசைக்கு நீயும் மொதலாளி. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. எறக்கலைன்னா உன் தகரப்பெட்டியைத் தூக்கிட்டு வந்த வழியே போயிரணும். சம்மதமா?"

சித்தப்பா வலது காதைத் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சம்மதம் அண்ணே" என்றார். சல்யூட் அடிக்கப் போனவர் பாதியில் கையைத் தலை சொறிவதற்குப் பயன்படுத்திக்கொண்டார்.

ராணுவத்து வண்டிக்கும் ஊர் டிரெய்லருக்கும் சம்பந்தம் பேசுவது லேசான காரியம் இல்லை என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. ஜீப்பின் பின்னால் இருந்த இழுவைக் கொக்கி பீரங்கி இழுப்பதற்காகச் செய்தது. முதலை வாய் மாதிரி அகலமாக, உயரத்தில் இருந்தது. டிரெய்லரின் நீண்ட மூக்கில் இருந்த வளையமோ டில்லருக்காகச் செய்தது. ஒல்லியாக, தாழ்ந்து கிடந்தது. கொக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கலாமே என்று அப்பா சொன்னதற்கு, "பட்டாளத்தில் எது எங்கே இருக்கோ அது அங்கேதான் இருக்கணும்" என்று சித்தப்பா மறுத்து, வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார். டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அடுக்கியிருந்த பாத்திரமெல்லாம் பின்னால் சரிந்து, பின்பலகை பிதுங்கித் திறந்து, பெரிய வார்ப்பு வெளியே குதித்தது. குதித்ததோடு நிற்காமல் சந்தில் உருண்டு, கடைத்தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறத்துச் சாயாக் கடையின் பெஞ்சில் முட்டி நின்றது. "எந்தா அண்ணாச்சி, யுத்தம் தொடங்கியோ?" என்று சாயாக் கடைக்காரர் கூவினார்.

அதற்குப் பிறகு சித்தப்பா பட்டாளச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார். வெல்டிங் பட்டறையில் தடித்த இரும்புப் பட்டை ஒன்றை வளைத்து, ஜீப்பின் பின்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கி, கொக்கியை ஒரு சாண் கீழே கொண்டுவந்தார். ஒல்லி வளையத்தை அறுத்தெடுத்துவிட்டு, லாரிக் கழிவிலிருந்து கனத்த வளையம் ஒன்றைப் பற்றவைத்தார்; இல்லாவிட்டால் அகலவாய்க் கொக்கிக்குள் கிடந்து அது "டங் டங்" என்று ஆடி ஊரைக் கூட்டும். கொக்கி எங்காவது கழன்றால் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சங்கிலி போட்டார். பெரியப்பா குனிந்து பார்த்து, "தாலி கட்டினப்புறம் விலங்கும் மாட்டுதான் பாரு. பொண்டாட்டி இல்லாதவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்" என்றார். வெல்டர் சிரித்ததில் பற்றவைப்பு ஓர் இடத்தில் கோணிக்கொண்டு, சித்தப்பா அதை அரத்தால் ராவிச் சரிசெய்ய ஒரு மதியம் ஆயிற்று.

அடுத்தது விளக்கு. டிரெய்லரின் பின்விளக்கு ஊர் வண்டிக்கு உள்ளது, பன்னிரண்டு வோல்ட். ஜீப்பின் மின்சாரம் அதைப்போல இரண்டு பங்கு. அதை யோசிக்காமல் ஒயரை இணைத்துவிட்டு, சித்தப்பா எங்களை எல்லாம் கூப்பிட்டு டிரெய்லருக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, "பாருங்க" என்று பிரேக்கை மிதித்தார். ஒரு கணம் இரண்டு சூரியன்கள் உதித்தன. அடுத்த கணம் "டப்", "டப்". என் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பச்சை வட்டம் ஓடியது. "உன்கிட்ட எல்லாமே ரெண்டு பங்குதான்லே, மூளையைத் தவிர" என்றார் பெரியப்பா, வலது காது பக்கமே நின்று. சித்தப்பா மறுபேச்சில்லாமல் நெடுமங்காடு வரை பஸ்ஸில் போய், பெரிய லாரிகளுக்குப் போடுகிற பல்பு வாங்கிவந்து மாட்டினார். அவை அடக்கமாக எரிந்தன.

கடைசியில் நிறம். ராணுவப் பச்சையில் ஊர்க்காரன் வண்டி ஓட்டக்கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். சித்தப்பா கருநீலம் யோசித்து வைத்திருந்தார். அவர் குளித்துவிட்டு வருவதற்குள் பெரியப்பா, மடக்கு நாற்காலிகளுக்கு அடித்து மிஞ்சிய ஆகாய நீலப் பெயிண்டை ஆள் வைத்து ஜீப் முழுக்க அடித்துவிட்டார். அதோடு விடாமல் இரண்டு பக்கமும் மலையாளத்தில் மஞ்சள் எழுத்தில் கடைப் பெயர். யுத்தத்துக்குப் போன வண்டி, ஐஸ் விற்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பெயிண்ட் காயாத இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு, "பெயர் போட்டிருக்காரே அண்ணன். நம்ம வண்டின்னு நினைச்சுத்தானே?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

புறப்படுகிற நாள் எலுமிச்சம்பழம், கற்பூரம், பூசணிக்காய் எல்லாம் தயார். ஜீப் தெருவைப் பார்த்து நின்றது, அதன் முதுகுக்குப் பின்னால் கொட்டகையில் டிரெய்லர். நாலு அடி பின்னால் எடுத்தால் கொக்கி தானாக வளையத்துக்கு வந்துவிடும். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டே செய்வார். ஆனால் பூஜை போட்ட வண்டியின் முதல் நகர்வு முன்னோக்கித்தான் இருக்க வேண்டும், பின்னால் போனால் குடும்பமே பின்னால் போகும் என்று பெரியப்பா தடுத்துவிட்டார். வெறும் டிரெய்லரைக் கட்டுவதும் ஆகாது. ஆகவே, நாற்காலியும் அண்டாவும் முழுக்க ஏற்றிய டிரெய்லரை ஆறேழு பேர் கொட்டகையிலிருந்து கையால் தள்ளி, அசையாத ஜீப்பிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பின்பாரத்தில் டிரெய்லரின் மூக்கு மறுபடியும் வானத்துக்குப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். சொல்லாமலே புரிந்துகொண்டு நான் போய் மூக்கின் மேல் குதிரை ஏறுகிற மாதிரி உட்கார்ந்தேன். மூக்கு அடங்கி இறங்கி, வளையம் கொக்கிக்குள் "களக்" என்று விழுந்தது. என் பாவாடையும் கூடவே விழுந்து கிழிந்தது. என் உடம்பு ஒரு நல்ல காரியத்துக்கு ஆன முதல் நாள் என்று அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கல்யாணச் சாப்பாட்டுக்காக நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். போனக்காட்டு ரோடு ரோடாக இருந்தது கொஞ்ச தூரம்தான். அதற்குமேல் ஓடை ஒன்று பழைய தார்த் துண்டுகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. சித்தப்பா குட்டையான இரண்டாவது கியர்க் கம்பியை இழுத்து நாலு சக்கரத்தையும் வேலை வாங்கினார். கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்துக்கொண்டே, "வா மக்ளே, பைய வா, கல்லு இருக்கு" என்று பிள்ளையைக் கூட்டிப்போவது போலப் பேசிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் அட்டை ஒன்று என் காலில் ஏறி இரத்தம் குடித்து உருண்டு விழுந்தது. அதற்கே மயக்கம் வந்திருக்கும், அவ்வளவு சத்து. மேலே போய்ச் சேர்ந்தபோது ஒரு கரண்டிகூட இடம் மாறியிருக்கவில்லை.

தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை "லயம்" என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். வித்துராவிலிருந்து நாற்காலி வந்ததே அவர்களுக்குத் திருவிழாவாக இருந்தது. மறுநாள் காலையில் கல்யாணம் நன்றாகவே முடிந்தது. நான் மூன்று பந்தியில் உட்கார்ந்தேன், மூன்றாவதில் மணப்பெண்ணின் தகப்பனார் என்னை அடையாளம் கண்டு, "பாப்பா எந்த வீட்டுச் சொந்தம்?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். மத்தியானத்துக்குள் சித்தப்பா எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, டிரெய்லரில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டார். மறுநாள் காலை வித்துராவில் ஒரு மரக்கடைக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு இதே நாற்காலிகள் போக வேண்டும். இறங்கினால் மேசை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

எஞ்சினைக் கிளப்பியபோது கடைசி லயத்திலிருந்து ஒரு அழுகுரல். கொஞ்ச நேரத்தில், தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர் மழைத்தூறலில் ஓடிவந்து ஜீப்பின் பக்கத்தில் நின்று, துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மொதலாளி, எங்கப்பா கண்ண மூடிட்டாரு. ஒரு ஒதவி…"

சித்தப்பா சட்டென்று எஞ்சினை நிறுத்தினார். வலது காதை முழுக்கத் திருப்பினார். "என்ன சொன்னீங்க?"

"எங்கப்பா தவறிட்டாரு மொதலாளி. மழை வேற. பந்தலும் நாற்காலியும் ஒரு ராத்திரி இங்கயே கெடக்கட்டும். காலையில எடுத்துருவோம் மொதலாளி."

சித்தப்பா பிறந்ததிலிருந்து "மொதலாளி" என்ற அந்தச் சொல் அவரை நோக்கி வந்ததில்லை. இப்போது ஒரே மூச்சில் மூன்று தடவை வந்துவிட்டது. சித்தப்பா ஜீப்பிலிருந்து இறங்கினார். வேட்டியை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினார். பெரியப்பா பேசுகிற அதே நிதானத்தில், "அதுக்கென்ன. எறக்கிக்கிடுங்க. நம்ம சாமான்தானே" என்றார்.

எனக்கே தெரிந்திருந்தது, கல்யாண வீட்டிலிருந்து நேராகச் சாவு வீட்டுக்குப் போனால் அந்த நாற்காலி மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு ஆகாது என்று. "சித்தப்பா, மரக்கடை வீடு?" என்றேன். விடியற்காலையில் அடக்கம் பண்ணிவிடுவார்கள், ஏழு மணிக்கு ஏற்றினால் ஒன்பதுக்கு வித்துரா, பின்சந்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து நேராக அனுப்பிவிடலாம் என்றார். பட்டாளத்துத் திட்டம். அந்தத் திட்டத்தில் இறந்தவருக்கு ஒரு மகள் இருந்ததும், அவள் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வரவேண்டியிருந்ததும் சேரவில்லை.

விடிந்தது. மகள் வரவில்லை. நாற்காலி முழுக்க ஆட்கள். சித்தப்பா அவர்களைச் சுற்றி நடந்தார். ஒரு கிழவி எழுந்து மூக்கைச் சிந்தப் போனாள்; அவர் ஓடிப்போய் அந்த நாற்காலியை மடக்கினார். கிழவி திரும்பி வந்து இடத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் மறுபடியும் விரித்துப் போட்டார். "எந்திரிங்கன்னு சொல்லுங்க சித்தப்பா" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "எப்படிட்டி சொல்ல? மொதலாளின்னுல்லா கூப்பிடுதாங்க" என்றார். கீழே தகவல் சொல்ல ஒரு போன் கிடையாது. மகள் வந்து விழுந்து அழுது, எடுத்துக்கொண்டு போய், ஆட்கள் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

வித்துராவில் அதற்குள் என்ன நடந்தது என்பதைப் பிறகு கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை வீட்டார் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிவந்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தபோது ஆணி அவருடைய பட்டு வேட்டியில் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டதாம். மரக்கடைக்காரர் கடைக்கு வந்து, தெரு கேட்கும்படி பெரியப்பாவை மலையாளத்தில் திட்டிவிட்டுப் போயிருக்கிறார். கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

சித்தப்பா பின்சந்து வழியாகப் போகவில்லை. முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி நின்று, "ஒண்ணும் குறையலை அண்ணே" என்றார். தாமதத்தைப் பற்றித்தான் திட்டு விழும் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தார். திட்டு விழவில்லை. பெரியப்பா மரியாதையாக, "எறக்கு" என்றார். நாற்காலியும் அண்டாவும் கரண்டியும் ஒவ்வொன்றாக முற்றத்துக்கு வந்தன. அப்பா எண்ணினார். சரியாக இருந்தது. சாயாக் கடையிலிருந்து ஆட்கள் கிளாசும் கையுமாக வந்து வேலியோரம் நின்றுவிட்டார்கள்.

"சொன்ன வாக்கு வாக்குதான்" என்றார் பெரியப்பா. இறக்கிய நாற்காலிகளில் ஒன்றை எடுத்து விரித்து, முற்றத்து நடுவில் போட்டு, துண்டால் தட்டினார். "மேசையை அப்புறம் இழுத்துப் போட்டுக்கிடலாம். உக்காருங்க மொதலாளி."

சித்தப்பா சுற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"கால் மேல கால் போடும். மொதலாளி அப்படித்தானே உக்காரணும்."

கால் மேல் கால் போட்டுக்கொண்டார். அதில் ஈர மண்ணும் தேயிலைச் செத்தையும் ஒட்டியிருந்தன. பெரியப்பா உள்ளே திரும்பி, "மஞ்சத்தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார். பெரியம்மா குடத்தோடு வந்து தயங்கி நின்றாள்.

"என்னத்துக்கு நிக்கே? சாவு வீட்டு நாற்காலிக்குத் தண்ணி ஊத்தாம எப்படி உள்ள வைக்க? ஊத்து."

"ஆளு இருக்காரே…"

"ஆளும் அங்கேருந்துதானே வந்திருக்கான்."

பெரியம்மாவின் கையிலிருந்து குடத்தை வாங்கி, அவரே தம்பியின் தலையில் மெதுவாக, அபிஷேகம் பண்ணுகிற பக்குவத்தில், கடைசிச் சொட்டு வரை ஊற்றினார். வேலியோரம் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சள் தண்ணீர் சித்தப்பாவின் மீசையில் நின்று நின்று சொட்டியது. அவர் காலை இறக்கவில்லை. ஈரக் கையால் முகத்தை வழித்துவிட்டு, அண்ணனை நிமிர்ந்து பார்த்து, சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார்:

"நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கணும் அண்ணே?"

அந்த ஒரு கணம் சிரிப்பு நின்றது. பெரியப்பா காலிக் குடத்தைப் பெரியம்மாவிடம் நீட்டினார். அவர் தொழிலில் கெட்டிக்காரர்.

"மொதலாளி வேலை முடிஞ்சாச்சு. நாற்காலி காயணும். எந்திரி."

மறுநாள் காலையில் சித்தப்பா கொக்கியிலிருந்து வளையத்தைக் கழற்றி, காலி டிரெய்லரைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, அதன் மூக்கைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தார். சக்கரத்துக்கு மறக்காமல் கல் வைத்தார். தகரப்பெட்டியை ஜீப்பில் போட்டார். முந்தின நாள் அவர் நிறுத்திய இடத்தில் வண்டியின் முகம் வீட்டைப் பார்த்து இருந்தது. திருப்புவதற்கு முற்றத்தில் இடம் இருந்தும் திருப்பவில்லை. கடைத்தெருவுக்குப் போகிற அந்தக் குறுகலான சந்து முழுக்க, ஒரு கல்லில் உரசாமல், பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார். கடைசி வரை எங்களைப் பார்த்தபடி போனார். ஆனால் கையாட்டவில்லை. கையாட்டிய எனக்குத் தலையில் ஒரு குட்டு கிடைத்தது.

இப்போது அந்த முற்றம் இல்லை, அங்கே கைப்பேசிக் கடையும் மேலே டியூஷன் சென்டரும் வந்துவிட்டன. நாற்காலிக்குத் துணி போர்த்தி, பின்னால் முடிச்சுப் போட்டு, நகரத்திலிருந்து மூடிய வேனில் கொண்டுவந்து இறக்குகிறார்கள்; கல்யாணத்துக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று யாரும் யோசிப்பதில்லை, யாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதுமில்லை. டிரெய்லர் காயலான் கடைக்குப் போனது. லயங்களில் பாதி காலி. நாற்காலி கேட்க ஆள் இல்லை. சித்தப்பா கல்லாற்றுக்குப் போய், பொன்முடி மலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றி ரொம்ப வருஷம் அந்த ஆகாய நீல ஜீப்பை ஓட்டினார். நிறத்தை மட்டும் அவர் மாற்றவேயில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "தூரத்துலேயே தெரியும், ஆள் கை காட்டுவான்" என்றார். வண்டியின் ஆயுசு முடிந்தது என்று சட்டம் சொன்ன பிறகு அது எடைக்குப் போனது. இப்போது ஆற்றோரத்தில் மரச்சீனிக் கிழங்கு சிப்ஸ் வறுத்து விற்கிறார். அண்ணனும் தம்பியும் அந்தக் காலையிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் போய்வருகிற ஒரே ஜீவன் நான்தான்.

போன மாதம் திருவனந்தபுரத்திலிருந்து போனவள், முதலில் கல்லாற்றில் இறங்கினேன். விடுமுறை நாள், அவர் கடையில் நிற்க இடமில்லை, எண்ணெய்ச் சட்டி இறங்கவேயில்லை, எழுபதைத் தாண்டிய மனிதர் இரண்டு கைகளாலும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் என்னிடம் வந்து, அண்ணனைப் பற்றிய வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இருக்காரா?"

"இருக்கார் சித்தப்பா. ஆனா எந்திரிக்கவே முடியலை. ரெண்டு பேர் பிடிக்கணும்."

"பேச்சு?"

"குழறுது. பாதி புரியாது."

"சோறு?"

"கஞ்சிதான். ஊட்டி விடணும்."

சித்தப்பா கண்ணை மூடி அதைக் கொஞ்ச நேரம் சுவைத்தார். "பாவம்" என்றார், அவ்வளவு நிறைவாக. "உடனே போயிரப்படாது கேட்டியா. இப்படியே இருக்கணும். நல்லா, நெடுநாளைக்கு." சூடான சிப்ஸில் இரண்டு பொட்டலம் கட்டி என் பையில் திணித்தார், காசு கொடுக்கப் போனதற்குத் திட்டினார்.

பெரியப்பா, உண்மையில், தினமும் கம்பை ஊன்றிக்கொண்டு சந்தை வரை நடந்து, மத்தி மீன் பழசு என்று மலையாளத்தில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வருகிறவர். நான் போனபோது தோசை தின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், தோசையில் ஒரு துண்டு பிய்த்தார். கொஞ்சம் பொறுத்து, சட்னியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பட்டாளத்தைப் பாத்தியா?"

"பாத்தேன் பெரியப்பா."

"எப்படிப் போகுது கடை?"

"ஈ ஓட்டிக்கிட்டு இருக்கார். ஒரு ஆள் எட்டிப் பாக்கலை. இந்தப் பொட்டலமே நேத்து வறுத்ததுதான்."

பெரியப்பா தலையை மெல்ல மெல்ல ஆட்டினார். முகத்தில் சுருக்கங்கள் எல்லாம் விரிந்தன. பிறகு, ஒரு சொல்லும் குழறாமல், அடுக்களைப் பக்கம் திரும்பிக் கணீரென்று குரல் கொடுத்தார்:

"ஏய், இன்னும் ரெண்டு தோசை போடு!"